உடைந்த மேகங்கள்

ஐப்பசித் திங்களில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில் நின்று வானத்தை நோக்குவோர் ஒரு காட்சியைக் காணக்கூடும். மேலே எல்லை தெரியாத சாம்பல் நிறப் பரப்பு ஒன்று விரிந்திருக்கும். அதற்குக் கீழே, மிகத் தாழ்வாக, கிழிந்த துணித் துண்டுகள் போன்ற சில மேகங்கள் விரைந்து ஓடும். அவற்றுக்குத் திட்டமான ஓரம் இல்லை. நிலைத்த உருவமும் இல்லை. ஒரு நொடியில் ஒன்று இரண்டாகப் பிரியும். மறுநொடியில் இரண்டும் கரைந்து மறையும். கரிசல் நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு மழையை எதிர்நோக்கி நிற்கும் உழவர், இவற்றை அண்ணாந்து பார்த்து, 'மழை வருமா, கலையுமா?' என்று தம்முள் கேட்டுக்கொள்வர்.

நேயர்களே! இக்கந்தல் மேகங்களுக்கு உலக வானிலை நூலார் இட்டிருக்கும் பெயர் 'ஃபிராக்டஸ்' என்பது. அஃது இலத்தீன் மொழிச் சொல். 'உடைந்தது' என்று பொருள்படுவது. இந்தச் சிறு சொல்லின் வரலாற்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன். இலண்டன் நகரில் தொடங்கும் அவ்வரலாறு நம் அரியலூர் மண்ணையும் தொட்டுச் செல்கிறது என்பதே நான் இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

மேகத்துக்குப் பெயரிடுவதில் தமிழ் பின்தங்கிய மொழி அன்று. பழைய நிகண்டுகளைப் புரட்டினால் கொண்டல், கொண்மூ, எழிலி, முகில், மஞ்சு, மங்குல், கார் என்று பெயர்கள் அடுக்கடுக்காய் வருகின்றன. நீரைக் கொண்டிருப்பது கொண்டல், கொண்மூ. மேலெழுவது எழிலி. கருத்திருப்பது கார். இப்பெயர்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நம் முன்னோர் மேகத்தை நோக்கிய போதெல்லாம், 'இதனிடம் நீர் உண்டா?' என்பதையே முதற்கண் கேட்டனர். ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்த மக்கள் வேறு எதனைக் கேட்பர்? மேகத்தின் உருவத்தைக் கொண்டு வகுப்புப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெயர் இடும் முறை வேறொரு நாட்டில், வேறொரு தேவையால் பிறந்தது.

லூக் ஹோவர்டு என்பவர் 1772-ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தவர். மருந்துப் பொருள்களை உற்பத்தி செய்யும் தொழிலில் ஈடுபட்டவர். இளமையில் பர்ஃபோர்டு என்னும் ஊர்ப் பள்ளியில் பயின்றபோது இலத்தீன் இலக்கணம் அவருக்கு மிகுதியாகப் புகட்டப்பட்டது. மற்றப் பாடங்கள் குறைந்து போயின என்று அவர் பிற்காலத்தில் வருந்தியதுண்டு. ஆயினும் அந்த இலத்தீனே அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது. 1802-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இலண்டனில் இளைஞர் சிலர் கூடி நடத்திவந்த ஓர் அறிவியல் கழகத்தில், அவர் மேகங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மயிர்ச்சுருள் போன்றதைச் 'சிர்ரஸ்' என்றார். குவியல் போன்றதைக் 'கியுமுலஸ்' என்றார். படுக்கையாய்ப் பரந்திருப்பதை 'ஸ்ட்ராடஸ்' என்றார். மழை பொழிவதை 'நிம்பஸ்' என்றார். அதே 1802-இல் பிரான்சு நாட்டின் லாமார்க்கு என்னும் பேரறிஞரும் மேகங்களுக்குப் பெயர் வகுத்தார்; ஆனால் அவர் தம் தாய்மொழியில் பெயரிட்டார். அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர் அனைவருக்கும் பொதுவாயிருந்த மொழி இலத்தீன். ஆதலால் ஹோவர்டின் பெயர்கள் நாடு கடந்து பரவின. செருமானியப் பெருங்கவிஞர் கெதே அவரைப் பாராட்டிப் பாட்டும் எழுதினார்.

ஹோவர்டின் பட்டியலில் உடைந்த மேகத்துக்குத் தனிப்பெயர் இல்லை. குவியலுக்கும் படுக்கைக்கும் இடமளித்த அறிஞர், கந்தலைத் தனியாக எண்ணவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கியூபா நாட்டின் ஹவானா நகரில் வானிலை ஆராய்ந்த பொயி என்பவர், 'ஃபிராக்டோ' என்னும் முன்னொட்டைச் சேர்த்து உடைந்த குவியல் மேகத்துக்குப் பெயரிட்டார். சுழற்காற்று வீசும் தீவில் வாழ்ந்தவர் கண்ணுக்குக் கிழிந்த மேகம் பெரிதாகப் பட்டதில் வியப்பில்லை. 1896-ஆம் ஆண்டில் ஹில்டெபிராண்ட்சன், ரிக்கன்பாக், டெய்சரென் த போர் என்னும் மூவர் பன்னாட்டு மேகப் படநூல் ஒன்றைப் பதிப்பித்தனர். அதில் உடைந்த குவியல், உடைந்த படுக்கை, உடைந்த மழைமேகம் என மூன்றும் இடம் பெற்றன. பின்னர் வந்த பதிப்புகளில் இவ்வகைப்பாடு திருத்தப்பட்டு, இன்று 'ஃபிராக்டஸ்' என்பது படுக்கை மேகத்துக்கும் குவியல் மேகத்துக்கும் உரிய ஓர் உள்வகையாக நிலைபெற்றுள்ளது.

இனி அச்சொல்லின் வேரைக் காண்போம். இலத்தீனில் 'ஃபிராங்கெரே' என்றால் உடைத்தல். அதிலிருந்து பிறந்ததே 'ஃபிராக்டஸ்', அதாவது உடைக்கப்பட்டது. இவ்வேரிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொற்கள் பலவற்றை நாம் நாள்தோறும் கேட்கிறோம். எலும்பு முறிந்தால் மருத்துவர் 'பிராக்சர்' என்கிறார். ஒளி நீரில் புகும்போது திசை மாறுவதைப் பௌதிக ஆசிரியர் 'ரிபிராக்‌ஷன்' என்கிறார். வானவில் தோன்றுவது அந்நிகழ்ச்சியால்தான். ஆகவே மேகத்தின் பெயரிலும், அதன் எதிரே தோன்றும் வில்லின் விளக்கத்திலும் ஒரே வேர் ஒளிந்திருக்கிறது. கணக்கு ஆசிரியர் கற்பிக்கும் 'பிராக்‌ஷன்' என்பதும் அவ்வேரின் கிளையே.

இக்கடைசிச் சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் தகும். 'பிராக்‌ஷன்' என்பதைத் தமிழில் பின்னம் என்கிறோம். பின்னம் வடசொல், அதற்கும் பிளவுபட்டது, உடைந்தது என்பதே பொருள். கோயிலில் கை ஒடிந்த திருவுருவத்தைப் பின்னப்பட்ட சிலை என்று கூறுவதும் இதே சொல்லால்தான். அராபியர் பின்னத்துக்கு வைத்த 'கஸ்ர்' என்னும் பெயரும் உடைத்தலையே குறிக்கும். இடைக்கால ஐரோப்பியர் அதனையே இலத்தீனில் மொழிபெயர்த்துக்கொண்டனர். வடமொழி வேர் வேறு, இலத்தீன் வேர் வேறு, அராபிய வேர் வேறு. ஆயினும் முழு எண்ணின் பகுதியை உடைந்த பொருளாகக் காணும் எண்ணம் மூன்றிலும் ஒன்றே. தமிழர் பின்னத்தைக் கீழ்வாயிலக்கம் என்றனர். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று தொடங்கி, முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கு வரைக்கும் பெயரிட்டு, நெல்லையும் நிலத்தையும் அளந்தனர்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்று உண்டு. மாணவன் 'அரை' என்று விடை கூறினால் அத்துடன் விட்டுவிடலாகாது, 'எதில் அரை?' என்று கேட்க வேண்டும். ஒரு மரக்காலில் அரையும் ஒரு கலத்தில் அரையும் ஒன்றாகா. முழுப்பொருள் எது என்று தெரியாதவரையில் பின்னத்துக்குப் பொருளே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகை முன் நின்று நான் கற்பித்த கணக்கில் இதனினும் பயனுள்ள பாடம் வேறு உண்டென்று தோன்றவில்லை.

வானிலை நூலாரும் இந்த இலக்கணத்தையே கடைப்பிடிக்கின்றனர். அவர்தம் ஏட்டில் 'ஃபிராக்டஸ்' என்னும் சொல் தனித்து நிற்பதில்லை. 'ஸ்ட்ராடஸ் ஃபிராக்டஸ்' என்றோ, 'கியுமுலஸ் ஃபிராக்டஸ்' என்றோதான் எழுத வேண்டும். உடைந்தது என்றால் மட்டும் போதாது. எந்த இனத்தில் உடைந்தது என்பதையும் கூற வேண்டும். ஏனெனில் பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும் இரு கந்தல்கள், இரு வேறு செய்திகளைக் கொண்டுவரக்கூடும்.

கோடைக்காலத்து முற்பகலில் நீலவானத்தில் சிறு வெண்துண்டுகள் மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். நிலம் வெயிலில் காய, அதன்மேல் உள்ள காற்றுச் சூடேறி எழுகிறது. எழும் காற்றுக் குளிர, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறிச் சிறு குவியல் மேகம் பிறக்கிறது. பிறக்கும்போதும் அது கந்தலாகவே இருக்கும். மாலையில் சூடு தணிந்து கரையும்போதும் கந்தலாகும். இது பெரும்பாலும் நல்ல வானிலையின் அறிகுறி.

மழைக்காலத்துக் கந்தல் அவ்வாறன்று. மேலே அடர்ந்து கவிந்த மழைமேகத்திலிருந்து துளிகள் விழுகின்றன. விழும் வழியில் அவற்றுள் ஒரு பகுதி ஆவியாகிறது. அதனால் கீழுள்ள காற்று நனைந்து, இதற்குமேல் ஈரம் தாங்காத நிலையை எய்துகிறது. அப்போது காற்றுச் சிறிது சுழன்று மேலெழுந்தாலும் போதும். அங்கங்கே மேகத் துணுக்குகள் திரள்கின்றன. காற்றின் வேகம் அவற்றைக் கிழித்து ஓட்டிச் செல்கிறது. ஆகவே அவை மேலே உள்ள மேகத்திலிருந்து பிய்ந்து விழுந்த துண்டுகள் அல்ல. அம்மேகத்தின் மழையே கீழே பெற்ற குழவிகள். மேகங்கள் கலைகின்றன, இனி வானம் வெளுக்கும் என்று நாம் எண்ணும் அதே வேளையில், அவை மேலே மழை தொடங்கிவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொண்டிருக்கலாம்.

ஒருமுறை இத்தகைய மேகத்தைக் காட்டி, இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஏழாம் வகுப்பு மாணவரைக் கேட்டேன். ஒரு சிறுவன் தயங்காமல், 'கந்தல், ஐயா' என்றான். வகுப்பு நகைத்தது. ஆனால் மழைமேகத்தின் அடியில் திரியும் இத்துணுக்குகளுக்கு வானிலை நூலார் வழங்கும் சிறப்புப் பெயர் 'பன்னஸ்'. அவ்விலத்தீன் சொல்லுக்குத் துணித்துண்டு, கந்தல் என்பதே பொருள். அயல்நாட்டு அறிஞர் குழுவும் நம் ஊர்ச் சிறுவனும் ஒரே பொருளில் பெயரிட்டனர் என்று நான் எடுத்துக் கூறியபோது வகுப்பில் நகைப்பு அடங்கிற்று.

இவ்வளவு ஒழுங்கற்ற ஓரத்தை அளக்க இயலுமா என்று வினவலாம். இயலும் என்கிறது இக்காலக் கணிதம். கிழிந்த ஓரத்தை நெருங்கி நோக்கினால் அதனுள்ளும் கிழிசல். இன்னும் நெருங்கினால் அதனுள்ளும் கிழிசல். இத்தகைய உருவங்களை ஆராய்ந்த மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர், 1975-இல் அவற்றுக்குப் பெயர் தேடியபோது, அதே 'ஃபிராக்டஸ்' என்னும் சொல்லிலிருந்து 'ஃபிராக்டல்' என்பதை ஆக்கிக்கொண்டார். 1982-இல் லவ்ஜாய் என்பவர் இந்தியப் பெருங்கடற் பகுதி மேகங்களின் செயற்கைக்கோள் படங்களை அளந்தார். சிறு மேகம் முதற்கொண்டு இலட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரந்த மேகத்திரள் வரையில், பரப்புக்கும் ஓரத்துக்கும் உள்ள தொடர்பு ஒரே விதிக்கு அடங்குவதை அவர் கண்டு வெளியிட்டார். ஒழுங்கின்மைக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. துண்டின் ஓரத்தில் முழுமையின் இயல்பே எழுதப்பட்டிருக்கிறது.

துண்டைக் கண்டு முழுமையை அறியும் இக்கலையை நம் பகுதியின் மண்ணிலே பயின்று, பின்னர் வானத்தின்பால் திருப்பிய ஒருவரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். அவர் ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. 1834-இல் பிறந்த அவர், 1855-இல் தம் உடன்பிறந்தாருடன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைப் பணிக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளில் அந்நாளைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார். இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அம்மாவட்டத்தின் பகுதிகள்.

இங்கே ஓடைக்கரைகளிலும் பள்ளங்களிலும் உடைந்து கிடக்கும் கற்களில் கடற்சிப்பிகளின் வடிவங்களும், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட உயிரினங்களின் வடிவங்களும் பதிந்துள்ளன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தைக் கடல் மூடியிருந்தது என்பதற்கு அவையே சான்று. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரமும் அப்பழைய கடலின் அடியிற் புதைந்ததே. கிடைத்த ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இஃது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பிளான்ஃபோர்டு வினவினார். முடிவில் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அடியில் உள்ளதற்கு ஊட்டத்தூர் என்றும், நடுவில் உள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி என்றும், மேலே உள்ளதற்கு அரியலூர் என்றும் பெயரிட்டார். 1862-இல் அவருடைய ஆய்வுரை அச்சாயிற்று. அந்த ஊர்ப்பெயர்கள் இன்றும் உலக நிலவியல் நூல்களில் வழங்கி வருகின்றன.

அதே 1862-இல் பிளான்ஃபோர்டு நிலவியல் பணியை விட்டுக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1864-ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று அழித்தது. அப்புயலைப் பற்றிய அறிக்கையை எழுதும் பணியில் அவர் பங்கு கொண்டார். கல்லை ஆராய்ந்த கண் காற்றை ஆராயத் தொடங்கிற்று. 1875-இல் இந்திய வானிலைத்துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் அவரே. அரியலூர்ப் பாறைக்குப் பெயரிட்டவரே இந்திய நாட்டின் முதல் வானிலைத் தலைவரும் ஆவார் என்பது நம் மாவட்டத்து மாணவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியன்றோ?

அவர் பதவியேற்ற மறு ஆண்டே சோதனை வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மழை பொய்க்கப்போவதை முன்கூட்டி அறிய இயலாதா என்னும் கேள்வி அரசின் முன் எழுந்தது. பிளான்ஃபோர்டு மழை பெய்யும் இடத்தை மட்டும் நோக்கவில்லை. இமயமலையின் பனியை நோக்கினார். அங்கே பனி மிகுந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குன்றுவதாகக் கண்டு 1884-இல் எழுதினார். 1886-இல் பருவமழை பற்றிய முதல் முறையான முன்னறிவிப்பும் அவர் காலத்தில் வெளிவந்தது. பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கொள்கையைப் பலவாறு திருத்தியுள்ளன. ஆயினும் ஓரிடத்து மழை என்பது உலகளாவிய காற்றோட்டத்தின் ஒரு பின்னமே என்னும் அவர் நோக்கு, இன்றைய முன்னறிவிப்பு முறைகளுக்கெல்லாம் அடித்தளமாய் நிற்கிறது.

இவ்வெண்ணம் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. மருதையாறு பெரம்பலூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தில் தோன்றி, அரியலூர் வழியே சென்று கொள்ளிடத்தில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையால் அந்த ஆறு பெருக்கெடுத்தது. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே வெள்ளம் அரித்த பாலத்தருகே, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. ஆயினும் என் இளமையில் எங்கள் பக்கத்துப் பெரியோர் கார்த்திகை மழை வலுத்தபோதெல்லாம் அந்த விடியலை நினைவுகூரக் கேட்டிருக்கிறேன்.

இருளில் ஓடிய வண்டியிலிருந்து மேகத்தைப் படித்திருக்க எவராலும் இயலாது. நான் கூற விரும்புவது வேறு. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையும் தாழ்நிலத்தில் நிற்கும் பாலமும் ஒரே கணக்கின் இரு பகுதிகள். பாலத்தருகே தூறலாயிருக்கும் நேரத்தில், மேலே பல மைல்களுக்கு அப்பால் கொட்டியிருக்கலாம். தம் தலைக்குமேல் உள்ள வானத்தை மட்டும் கண்டு ஆற்றைக் கணித்தல், முழு எண்ணை அறியாமல் பின்னத்தைக் கூறுவது போன்றது. மழைமானிகளும், ஆற்று நீர்மட்டம் அளக்கும் நிலையங்களும், சென்னையிலும் காரைக்காலிலும் சுழலும் ராடார்களும், விண்ணிலிருந்து நோக்கும் செயற்கைக்கோள்களும் இன்று செய்யும் வேலை, துண்டு துண்டான செய்திகளைச் சேர்த்து ஒரு முழுமையாக்குவதே.

கருவிகள் வந்துவிட்டமையால் நம் கண்ணுக்கு வேலை இல்லாமற் போய்விடவில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். பருவமழை நாள்களில் மாணவரை வெளியே அழைத்துச் சென்று, ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதச் செய்யுங்கள். முதலாவது, மேலே உள்ள மேகம் எது? இரண்டாவது, கீழே கந்தல் உண்டா, உண்டெனில் அது வெண்மையா, சாம்பலா, எத்திசையில் ஓடுகிறது? மூன்றாவது, மறுநாட் காலையில் மழைமானி காட்டும் அளவு எத்தனை மில்லிமீட்டர்? ஐந்தாறு ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், அவ்வூர் வானத்தைப் பற்றி அவ்வூர்ப் பிள்ளைகளே எழுதிய நூல் ஒன்று கையில் இருக்கும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொறுமை ஒன்றே போதும்.

ஓடைக்கரையில் சிப்பி பதிந்த கல்லைக் காணும் சிறுவனும், வானில் கிழிந்த மேகத்தைக் காணும் உழவரும், மருதையாற்றுப் பாலத்தில் நின்று கலங்கல் நீரைக் காணும் இரயில்வே ஊழியரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இஃது எதன் பகுதி?